ரா கோப்பில் ஒரு கல்யாணம்

மனித குலம் எத்தனையோ துறவிகளைக் கண்டிருக்கிறது. மண்ணைத் துறந்தவர்கள், பொன்னைத் துறந்தவர்கள், சாப்பாட்டில் உப்பைத் துறந்தவர்கள்கூட உண்டு. ஆனால் தான் எடுத்த புகைப்படத்தைப் பிறர் கண்ணில் காட்டும் அற்ப ஆசையை அடியோடு துறந்த மகான், கனடா தேசத்தின் தண்டர் பே நகரில் வாழும் ரெய்னோ கூசிஸ்டோ ஒருவர்தான். அவர் படமெடுத்த எதையும் இதுவரை எவரும் பார்த்ததில்லை. இதைவிடத் தூய்மையான கலைஞனை உலகம் இனிக் காணப்போவதில்லை.

ரெய்னோ பிறவிக் கலைஞர் அல்லர். துறைமுகத்துத் தானியக் கோபுரத்தில் கோதுமைக்குத் தரம் சொல்லும் அதிகாரியாக இருந்தவர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, மூக்கருகே கொண்டுபோய், "இரண்டாம் தரம்" என்று அவர் சொல்லிவிட்டால் கப்பலே வாயைத் திறக்காது. ஓய்வு பெற்ற பிறகு தரம் பிரிக்கக் கோதுமை இல்லை. மனிதர் வீட்டில் கிடைத்ததையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தார். மனைவி மர்யாத்தா சுட்டு வைத்த பான்கேக் ஒரு காலையில் "மூன்றாம் தரம்" என்று அறிவிக்கப்பட்டது. அன்று மாலையே அவர் கையில் ஒரு கேமரா திணிக்கப்பட்டது.

"போய் ஏரியப் படம் எடுங்க. ஏரி கோவிச்சுக்காது" என்றாள் மர்யாத்தா.

இப்படித்தான் அவர் வடகரைக் கேமரா மன்றத்தில் சேர்ந்தார். பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் அரங்கத்தின் அடித்தளத்தில், செவ்வாய்க்கிழமை மாலைகளில், காபி வாசனையும் ஈரக் காலுறை வாசனையும் கலந்த காற்றில் கூடும் அந்தச் சபையில் அவருக்கு ஞானம் கிட்டியது. கொடுத்தவர் துணைத்தலைவர் கிளிஃபர்ட் யார்மோலுக். பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்தி ஓய்ந்தவர். கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் பதில் சொல்லாமல் அவரால் தூங்க முடியாது.

ஞானம் இதுதான். கேமராவுக்குள் வெளிச்சம் போகிறது. கேமராவே அதைச் சமைத்து, உப்பு உறைப்புப் பார்த்து, வேண்டாததை எறிந்துவிட்டு, சின்னப் பொட்டலமாகச் சுருக்கிக் கையில் கொடுத்தால் அது ஜேபெக். வாங்கினோம், பார்த்தோம், சித்திக்கு அனுப்பினோம் என்று வேலை முடிந்துவிடும். அதே வெளிச்சத்தைச் சமைக்காமல், வேரும் மண்ணுமாக மூட்டையோடு கொண்டுவந்து இறக்கினால் அது ரா கோப்பு. அதைக் கழுவி, நறுக்கி, பதம் பார்த்துச் சமைக்கும் பாக்கியம் படமெடுத்தவருக்கே உரியது. எப்போது சமைத்து முடிப்பார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் இடையிலுள்ள விஷயம்.

ரெய்னோவுக்கு மெய் சிலிர்த்தது. ஒரு படத்தை ஆயுள் முழுக்கத் தரம் பிரித்துக்கொண்டே இருக்கலாம் என்று யாரும் அவரிடம் அதுவரை சொன்னதில்லை. இரண்டே வருடத்தில் மன்றத் தலைவரானார்.

அவர் தலைமையில் மன்றம் அடைந்த வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. காரணம், சுருக்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. "சுருக்கம் எந்த வடிவில் வந்தாலும் இழப்பே" என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆகவே முந்தைய கூட்டத்தின் அறிக்கையைச் சுருக்கி வாசிக்கக் கூடாது. பேசியது, இருமியது, நாற்காலி கிறீச்சிட்டது உட்பட முழுவதும் வாசிக்கப்பட்டது. சில மாதங்களில், போன கூட்டத்தை வாசித்து முடிப்பதற்கே இந்தக் கூட்டம் சரியாக இருந்தது. இதனால் மன்றத்தில் புதிய சண்டைகள் அறவே ஒழிந்தன. முகச் சுருக்கத்தையும் கண்டிக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். உறுப்பினர்களின் வயதை உத்தேசித்து அது மட்டும் ஒத்திவைக்கப்பட்டது.

ஜேபெக்கில் படமெடுப்பவர்கள் "இணை உறுப்பினர்கள்" ஆக்கப்பட்டு, பின்வரிசையில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். அதை அவர்கள் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது தலைமைக்குப் பெரிய மனக்குறை.

இந்தச் சமயத்தில்தான் ரெய்னோவின் ஒரே மகள் கையாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரென்சோ பொர்த்தலூசி. பனி வாரும் வண்டி ஓட்டுகிற, சிரித்த முகமுள்ள இத்தாலியப் பையன். மாப்பிள்ளையின் அம்மா லொரெட்டா. அந்த அம்மாள் ஒரு அறைக்குள் வந்தால் அறை கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

"போட்டோகாரர் யாருன்னு பேசலாமா?" என்று லொரெட்டா கேட்டதும் ரெய்னோ எழுந்து நின்றுவிட்டார்.

"நான்" என்றார்.

கல்யாணத்தன்று தேவாலய வாசலில் முட்டைக் கூடை ஒன்று வைக்கப்பட்டது. மேலே ஓர் அட்டை: "கைபேசிகளை இங்கே இடவும். அதிகாரபூர்வமான படங்கள் உரிய பக்குவத்தில் வழங்கப்படும்."

"சம்பந்தி, என் போனை எதுக்கு முட்டைக் கூடையில போடச் சொல்றீங்க?" என்று லொரெட்டா மறித்தாள்.

"கையில போன் இருந்தா கை சும்மா இருக்காது சம்பந்தியம்மா. போன்ல வர்றது ஜேபெக். உங்க பையன் கல்யாணம் ஜேபெக்குல கிடக்கணுமா?"

"அது என்ன, ஏதாவது நோயா?"

"நோய்னா மருந்து உண்டே."

லொரெட்டா பயந்துபோய்ப் போனைப் போட்டாள். நூற்றுச் சொச்சம் விருந்தாளிகளும் போட்டார்கள். அன்று அந்தக் கல்யாணத்தைப் பார்த்த கேமரா ரெய்னோவுடையது ஒன்றே. நாலாயிரத்துச் சொச்சம் ரா கோப்புகள். வீடு திரும்பும்போது மெமரி கார்டுகளைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டார். மகளைப் பிரிந்த சோகம் அவரிடம் துளியும் இல்லை. அவள்தான் பையில் இருக்கிறாளே, முழுசாக, ஒரு துளி சுருங்காமல்!

அடுத்து வந்தது பதப்படுத்தும் காலம். நிறங்களைச் சரியாகப் பார்க்க ஜன்னல் இல்லாத அறை வேண்டும். வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரே அறை, கல்லைச் சுடவைத்து ஆவியில் குளிக்கும் சானா. அடுப்பு அணைக்கப்பட்டது. அடுப்புக் கல் மேல் பலகை போட்டு லேப்டாப் வைக்கப்பட்டது. ஃபின்லாந்து வம்சத்தில் பிறந்த ஒரு பெண்ணிடமிருந்து சானாவைப் பிடுங்குவது என்றால் என்ன என்பது தெரிந்தவர்கள், மர்யாத்தா அவரைக் கொல்லவில்லை என்பதிலிருந்தே அவள் எவ்வளவு உத்தமி என்று புரிந்துகொள்வார்கள்.

"என்னங்க, எப்ப முடியும்?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பாள்.

"இன்னும் வெள்ளையிலயே இருக்கேன்."

கல்யாண உடுப்பின் வெள்ளை. அதுதான் சிக்கல். ராவில் வெள்ளை என்பது முடிவான விஷயம் அல்ல, அபிப்பிராயம். இந்தப் பக்கம் இழுத்தால் நீலம் தட்டும். அந்தப் பக்கம் இழுத்தால் வெண்ணெய். கிளிஃபர்ட் வரவழைக்கப்பட்டார். இரண்டு பெரிய மனிதர்களும் சானாவின் மரப்படிகளில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள்.

"இது பால் வெள்ளை தலைவரே. அன்னைக்கு இருந்தது பனி வெள்ளை."

"எந்த மாசத்துப் பனி?"

கிளிஃபர்ட் நெடுநேரம் யோசித்தார். "நவம்பர்" என்றார்.

அப்போது ஆகஸ்ட். இருவரும் நவம்பருக்காகக் காத்திருந்தார்கள்.

நவம்பர் வந்தது, பனி வந்தது, லேப்டாப்பை வாசலுக்குத் தூக்கிவந்து ஒப்பிட்டும் பார்த்தாயிற்று. தேறவில்லை. கடைசியில் கையாவிடமிருந்து அசல் உடுப்பையே வாங்கிவந்து திரைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"உடுப்பு தப்பு" என்று தீர்ப்பளித்தார் ரெய்னோ.

கையா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தாள். அப்பாவுக்குப் பிடித்த, இளஞ்சிவப்புப் பாகு தடவிய பெர்ஷியன் பன் இரண்டு வாங்கிவந்திருந்தாள். சானாவின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரே ஒரு படம் குடுப்பா."

"எது?"

"எதுவா இருந்தாலும் பரவால்ல."

ரெய்னோவுக்கு உண்மையிலேயே வலித்தது. "எதுவா இருந்தாலும் பரவால்லன்னு சொல்றவங்களுக்காகத்தான் கையா ஜேபெக்கக் கண்டுபிடிச்சாங்க. உனக்காக நான் எவ்ளோ பாடுபடறேன் தெரியுமா? அரையும் குறையுமா உன் கையில குடுத்துட்டா நான் அப்பனா?"

கையா எழுந்தாள். ஒரு பன்னை அவர் கையில் வைத்துவிட்டு, இன்னொன்றைத் தானே தின்றுகொண்டு போய்விட்டாள். மகள் தன் கொள்கையைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

லொரெட்டா அப்படிப் புரிந்துகொள்கிற ரகம் இல்லை. அவளுடைய தங்கை இனெஸ், இத்தாலியில் உதினே ஊரில், இடுப்பு எலும்பு முறிந்ததால் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவள். தினமும் படம் கேட்டாள். முதலில் ஆசையாகக் கேட்டாள், பிறகு கோபமாக, அதற்கும் பிறகு ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு.

"சம்பந்தி, என் தங்கச்சி கல்யாணமே நடக்கலன்னு நம்ப ஆரம்பிச்சுட்டா" என்று லொரெட்டா போனில் கத்தினாள். "நூறு பேர் வந்த கல்யாணத்துல ஒருத்தர்கிட்டகூடப் போட்டோ இல்லையாங்கறா. நான் கதை விடறேனாம்! போன வாரம் ரென்சோவுக்கு அவளே ஒரு பொண்ணு பாத்துப் போட்டோ அனுப்பியிருக்கா. பல் டாக்டராம்!"

"அந்தப் போட்டோ ஜேபெக்கா?" என்று கேட்டார் ரெய்னோ.

எதிர்முனையில் போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மன்றம் கூடியிருந்தபோது அடித்தளத்துக் கதவு திறந்தது. லொரெட்டா நின்றாள், கையில் இறைச்சி உருண்டை நிறைந்த அகலத் தட்டுடன். பின்னால் கையா. லொரெட்டா நேராகக் காபி இயந்திரத்தின் பக்கம் போய், இணை உறுப்பினர்கள் நடுவே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த நிமிடமே பின்வரிசை முழுக்க அவள் கட்சி ஆகிவிட்டது.

"இங்க யாரு பெரியவரு? எனக்கு என் பையன் கல்யாணப் படம் வேணும்."

கிளிஃபர்ட் எழுந்தார். "அம்மா, அவசரம் கலையோட எதிரி."

"எனக்குக் கலை வேணாம். கல்யாணம் வேணும்."

பின்வரிசையில் யாரோ வாயில் இறைச்சியோடு கைதட்டினார்கள்.

ரெய்னோவுக்குச் சங்கடமாக இருந்தது. சம்பந்தி ஒரு பக்கம், சபை ஒரு பக்கம். மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிஃபர்ட்தான் அவரைக் காப்பாற்ற முன்வந்தார். "தலைவரே, பக்குவமாகாத கோப்பு எப்படி இருக்கும்னு அம்மாவுக்கு ஒண்ணு காட்டிடுவோம். அப்புறம் அவங்களே, 'வேணாம்ப்பா, மெதுவாச் செய்யுங்க'ன்னு சொல்லிடுவாங்க."

லேப்டாப் பெரிய திரையில் இணைக்கப்பட்டது. விளக்குகள் அணைந்தன. ஒரு கோப்பு திறந்தது.

திரை முழுக்கக் கையா. கேக் துண்டை ரென்சோவின் வாய்க்குப் பதில் மூக்கில் அப்பிவிட்டுச் சிரிக்கிறாள். கன்னம் சிவந்திருக்கிறது, உடுப்பு பளீரென்று வெள்ளையாக இருக்கிறது, பின்னால் லொரெட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறாள். அரங்கமே ஒரு தரம் மூச்சை இழுத்தது.

கண் இமைக்கும் நேரம்தான். கோப்பு முழுசாகத் திறந்துகொண்டதும் நிறமெல்லாம் வடிந்து, எல்லார் மேலும் சாம்பல் பூசினாற்போல் ஆயிற்று. கையா காய்ச்சல்காரி மாதிரி இருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் கிளிஃபர்ட் வெற்றியோடு. "இதுதான் ரா."

"நில்லுங்க!" லொரெட்டா எழுந்துவிட்டாள். "முதல்ல அழகா ஒண்ணு வந்துச்சே, அது எங்க போச்சு?"

"எது?"

"வந்துச்சு. நான் பாத்தேன். நீங்க அதத் துடைச்சுட்டு இந்தக் கருவாட்டக் காட்டறீங்க."

ஒரு நல்ல அரசியல்வாதி இங்கே தண்ணீர் குடித்திருப்பார். கிளிஃபர்ட் வாத்தியார். கேள்வி கேட்கப்பட்டுவிட்டது.

"அது ஒண்ணுமில்லம்மா. கேமரா ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளயும் தானா ஒரு படம் செஞ்சு வச்சிருக்கும். கோப்பு திறக்கற வரைக்கும் சும்மா கண்ணுக்குக் காட்ட. கேமரா முதுகுல தெரியறதும் அதேதான்."

"செஞ்சு வச்சிருக்கும்னா, சமைச்சா?"

"சமைச்சுத்தான்."

"சுருக்கியா?"

கேள்வி எங்கே போகிறது என்று கிளிஃபர்டுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அவர் யோக்கியர்.

"சுருக்கித்தான்" என்றார்.

சபையின் தலையில் விழுந்த இடியை விவரிக்கச் சொற்கள் போதா. ஒவ்வொரு ரா கோப்பின் வயிற்றிலும் ஒரு ஜேபெக்! இத்தனை வருடம் கேமராவின் முதுகைப் பார்த்துப் பார்த்து, "ஆகா, ராவின் ஆழமே தனி" என்று உருகியதெல்லாம் ஜேபெக்கைப் பார்த்தா? ஒரு மூத்த உறுப்பினர் தன் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் குப்புறக் கவிழ்த்தார். இன்னொருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அடித்தளத்தில் ஜன்னல் கிடையாது.

ரெய்னோ கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். அப்படியானால் அத்தனை ஜேபெக்குகளையும் அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். போதாக்குறைக்குச் சானாவில் குடிவைத்திருக்கிறார்.

நெருக்கடியில்தான் பெரிய நிறுவனங்களின் தரம் தெரியும். மன்றம் உடனே செயலில் இறங்கியது. எல்லாக் கேமராக்களின் முதுகிலும் கறுப்பு நாடா ஒட்டுவதென முடிவாயிற்று. கோப்பைத் திறக்கும்போது, நிறம் சாகும் வரை உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி. பட்டனை அமுக்கினால்தானே ஜேபெக் பிறக்கிறது, அமுக்காமலே விட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். அந்தத் தத்துவத்தின் உயரத்தைக் கண்டு சிலர் கண் கலங்கினார்கள். அது சிறப்புக் குழுவின் பார்வைக்கு அனுப்பப்பட்டது.

"ஏற்கெனவே உள்ள இருக்கற அசுத்தத்த என்ன செய்யறது?" என்று குரல் எழுந்தது.

"பிரிச்சு எடுத்துடலாம்" என்றார் கிளிஃபர்ட், கேள்வியாயிற்றே. "அதுக்குன்னே ஒரு சின்ன மென்பொருள் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

"எடுத்து?"

"எங்கயாவது கொட்டிடணும்."

லொரெட்டா கையைத் தூக்கினாள். அவள் குரலில் அப்படியொரு பணிவை ரெய்னோ அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"அந்தக் குப்பைய நான் அள்ளிட்டுப் போறேங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. கையா லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகும்போது, அப்பாவின் தோளைத் தொட்டு, "நிஜமாவே எடுத்துக்கட்டுமாப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போம்மா" என்றார் ரெய்னோ, கண்களை இறுக மூடியபடி. "என் கண்ணுல படாமப் போ."

அடுத்த ஞாயிறு லொரெட்டா வீட்டில் விருந்து. மேஜை நடுவே, நல்ல தடித்த அட்டை போட்ட ஆல்பம். உதினேயிலிருந்து இனெஸ் வீடியோவில் வந்து, முதல் பக்கத்திலேயே அழத் தொடங்கி, அழுதுகொண்டே லொரெட்டாவைத் திட்டி, திட்டிக்கொண்டே பல் டாக்டரை வாபஸ் வாங்கினாள். மர்யாத்தாவின் முகத்தில் ஒரு புதுப் பொலிவு; சானா முந்தைய நாளே காலி செய்யப்பட்டு, கல் பழுக்கக் காய்ந்திருந்தது. ரென்சோ தன் மூக்கில் கேக் அப்பியிருந்த படத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் காட்டினான்.

ரெய்னோ கொள்கை மாறாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் பக்கத்தில் எல்லாரும் அப்படிச் சிரித்தால் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பான்? ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு முழுக்கண்ணாலும். இந்த முகங்களையெல்லாம் அவர் மாதக்கணக்கில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர்தான். எந்த முகமும் சிரித்துக்கொண்டிருப்பதாக இதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. நாற்காலியை மேஜைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லொரெட்டா ஒரு பக்கத்தைப் புரட்டி நிறுத்தினாள்.

மணப்பெண்ணை அப்பா கைகோத்து அழைத்துவரும் தேவாலயத்தின் நடுப்பாதை. இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். கையா நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வருகிறாள். வலது முழங்கை மடங்கியிருக்கிறது. யாருடைய கையையோ கோத்திருப்பதுபோல விரல்கள் லேசாக வளைந்து நிற்கின்றன. பக்கத்தில் யாரும் இல்லை.

"சம்பந்தி, இது எப்படி எடுத்தீங்க?" என்றாள் லொரெட்டா.

"அதுவா?" ரெய்னோ நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தார்! "அவளுக்கு முன்னால வாசல்லேருந்து மேடை வரைக்கும் பின்பக்கமாவே நடந்தேன். ஒரு இடத்துலயும் இடிக்கல. கூட நடந்திருந்தா இந்தக் கோணம் கிடைச்சிருக்குமா?"

எல்லார் பார்வையும் கையாவின் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்குப் போயிற்று. படத்தில் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. உண்மையில் குறை இருக்கத்தான் செய்தது. அவரும் முன்பே கவனித்ததுதான். விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் காலியா இருக்கு, தெரியுது. கண்ணுக்கு உறுத்துது. நான் ராவுல சரி பண்றப்ப அந்த ஓரத்தை வெட்டிடலாம்னு வச்சிருக்கேன்."

கையா ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெட்டிடாதப்பா" என்றாள். "இந்த ஆல்பத்துல நீ இருக்கற படம் அது ஒண்ணுதான்."